கைதாகும் நாளிலேயே மருந்துச் சீட்டைக் கொடுங்கள்: மனநலமும் சட்டமும் – வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் வந்தவை. மனநோய் உள்ள ஒருவர் காவல் நிலையம், நீதிமன்றம், சிறை என்ற பாதையில் சிக்கிக்கொண்டால் குடும்பத்தாரும் ஊராரும் என்ன செய்ய வேண்டும் என்பதையே பலரும் கேட்டிருக்கிறார்கள். எழுதியவர்களின் பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறேன்.

கூடலூர் பகுதித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். ஊட்டி அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, லைன் வீட்டில் எங்களோடு இருந்து, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் ஊட்டிக்குப் போக முடியாமல் மாத்திரை விட்டுப்போயிற்று. கடைக்காரர் தன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், ஒரு நாள் கல்லெறிந்து அவர் மண்டையை உடைத்துவிட்டான். ரிமாண்ட் செய்து கோவை சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். மனு போட்டுப் பார்க்கப் போனபோது என்னிடம் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அங்கே மாத்திரை கொடுக்கிறார்களா, அவன் நோயாளி என்று நீதிபதிக்குத் தெரியுமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்ய வேண்டும் ஐயா?

பதில்: சகோதரி, மாத்திரை பற்றிய கேள்விக்குத்தான் முதலில் வழி காண வேண்டும், ஜாமீனும் வழக்கும் அதற்குப் பிறகு. தம்பியின் புறநோயாளிச் சீட்டு, கடைசியாக எழுதித்தந்த மாத்திரைகளின் பெயரும் அளவும், எந்தத் தேதியிலிருந்து அவர் மாத்திரை சாப்பிடவில்லை என்ற விவரம், முன்பு உள்நோயாளியாக இருந்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஒரு கடிதத்தோடு இணைத்துச் சிறைக் கண்காணிப்பாளருக்கும் சிறை மருத்துவ அலுவலருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மனு போடும்போது நேரிலும் ஒரு படி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேளுங்கள். உங்களிடம் அவர் பேசவில்லை என்பதையும், சாப்பிடுகிறாரா, இளைத்திருக்கிறாரா என்பதில் நீங்கள் கண்டதையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சிறைக்குள் கூச்சலிடுகிறவரையும் சண்டையிடுகிறவரையும் விரைவில் மருத்துவரிடம் கொண்டுபோவார்கள். ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரை அடக்கமான கைதி என்று எண்ணி விட்டுவிடுவது எளிது. மனச்சிதைவு உள்ளவரின் மௌனம் சில வேளைகளில் நோய் முற்றியதன் அறிகுறி. அது உணவையும் தண்ணீரையும் மறுக்கும் நிலை வரைக்கும் போகக்கூடும். நீலகிரியில் மத்தியச் சிறை இல்லாததால் மலையில் கைதாகிறவர்கள் கோவைக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். ஆள் வேனில் இறங்கிப் போய்விடுகிறார். அவருடைய சீட்டு லைன் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே கிடக்கிறது. அவரைப் பல ஆண்டுகளாகப் பார்த்த மருத்துவர் ஒரு மாவட்டத்திலும், இன்று பார்க்க வேண்டிய மருத்துவர் வேறொரு மாவட்டத்திலும் இருக்கும்போது, இருவருக்கும் இடையே அந்தக் காகிதத்தைக் கொண்டுசெல்ல உங்களைவிட்டால் வேறு ஆள் இல்லை. இந்தப் பொறுப்பை ஒரு தோட்டத் தொழிலாளியின் தலையில் வைப்பது நியாயமல்ல என்று எனக்குத் தெரியும். காவல் துறையும் சிறைத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. அவர்கள் செய்யும்வரை காத்திருக்க உங்கள் தம்பியால் முடியாது என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது சலுகையல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆவது பிரிவு சிறையில் இருக்கும் மனநோயாளிகளைப் பற்றியது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநலச் சிகிச்சை நிலையம் அமைக்கப்பட வேண்டும் என்றும், சிறையில் மனநலப் பிரிவு இல்லாவிட்டால் நோயாளிகளின் உரிமைகளைக் காக்க இச்சட்டத்தின்படி அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியோடு நோயாளியை வெளியே உள்ள மனநல நிலையத்துக்கு மாற்றலாம் என்றும் அது சொல்கிறது. மனநோயுள்ள கைதி எவரும் தம் சிறையில் இல்லை என்று சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த வாரியத்துக்குச் சான்றளித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. உங்கள் கடிதம் கோப்பில் இருந்தால் அப்படி ஒரு சான்றைத் தம்பியை மறந்துவிட்டு எழுத முடியாது.

இனி நீதிமன்றம். நீதிபதிக்குத் தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால் அந்தச் சந்திப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற ஒருவரைப் பார்த்து நோயை ஊகித்துவிட எல்லா நீதிபதிகளாலும் முடியாது. அந்த வேளையில் வீட்டார் ஒருவர் சீட்டோடு நின்றிருந்தால் வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கும். அது கடந்துவிட்டாலும், அடுத்த வாய்தாவிலோ அதற்கு முன்போ மனுவாகக் கொடுக்க முடியும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368ஆம் பிரிவுகளின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பைச் சொல்ல இயலாத மனநிலையில் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், நீதிமன்றம் அதைப் பற்றி விசாரித்தே ஆக வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அவர் இயலாத நிலையில் இருப்பது உறுதியானால், வழக்குக்கு முகாந்திரமே இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் சிகிச்சைக்கு வேண்டிய காலம் வரை விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும். அடுத்து வரும் 369ஆவது பிரிவுதான் உங்கள் குடும்பத்துக்கு மிக முக்கியமானது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமானாலும் விட முடியாத குற்றமானாலும், உள்நோயாளியாக இருக்க வேண்டிய தேவை இல்லாதவரை, உறவினரோ நண்பரோ அருகிலுள்ள மருத்துவ நிலையத்தில் தொடர்ந்து புறநோயாளிச் சிகிச்சை பெறவைப்பதாகவும், அவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாகவும் பொறுப்பேற்றால், ஜாமீனில் விட வேண்டும் என்று அது சொல்கிறது. தம்பி உங்களோடு இருந்து மாத்திரை சாப்பிட்டு வேலைக்குப் போன காலம்தான் அந்த உறுதிமொழிக்கு ஆதாரம். வருகைப் பதிவேட்டின் நகலைத் தோட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எதுவாயினும், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞர் உண்டு. கூடலூர் நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். ஊட்டியில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். இலவசச் சட்ட உதவி கிடைக்கும் என்பதை மனநோயுள்ளவருக்கு எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின், காவல் அலுவலரின், சிறைப் பொறுப்பாளரின் கடமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவே கூறுகிறது.

கடைக்காரரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய காயமும் செலவும் உண்மையானவை. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் அவர் அதே மாவட்ட ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம். தம்பிக்கு நோய் இருக்கிறது என்று நீங்கள் சொல்வது, அவருக்கு எதுவும் நடக்கவில்லை என்று சொல்வதாக ஆகாது. அதை அவரிடம் நேரில் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து ஓர் ஆட்டோ ஓட்டுநர்: எங்கள் ஸ்டாண்டுக்கு அருகில் ஒருவர் இரவு பகலாகத் திரிகிறார். அவர் பேசுவது எந்த மொழி என்றே தெரியவில்லை. டிசம்பர் குளிரில் ஒரு சட்டையோடு படுத்திருக்கிறார். காவல் நிலையத்தில் சொன்னால், புகார் இல்லாமல் எப்படிப் பிடிப்பது என்கிறார்கள். சிலர் அவரை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்கிறார்கள். எது சரி?

பதில்: பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள், தம்பி. அது இன்னோர் ஊரின் நடைமேடைக்கு அவரை அனுப்புவது மட்டுமே. அவரைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே தடயமும் அத்தோடு அழிந்துபோகும்.

இதில் புகார் தேவையில்லை. அவர் குற்றவாளியும் அல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, மனநோயால் தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாமல் தம் எல்லைக்குள் திரிகிறவர் என்று நம்பக் காரணமுள்ள ஒருவரைக் காவல் நிலையப் பொறுப்பு அலுவலர் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும்; அது அவருடைய கடமை. எடுத்துக்கொண்டபின் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. வீடற்றவராகத் திரிகிறவர் என்றால் காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதும் காவல் நிலையத்தின் கடமை. ஆகவே அவரை எங்கே, எப்போதிலிருந்து பார்க்கிறீர்கள், என்ன நிலையில் இருக்கிறார் என்று எழுதி, பிரிவு எண்ணையும் குறிப்பிட்டு, ஸ்டாண்டில் உள்ள நான்கைந்து பேர் கையொப்பமிட்டுக் கொடுங்கள். அன்றிரவே காய்ச்சலோ மயக்கமோ கண்டால் எதற்கும் காத்திராமல் 108ஐ அழையுங்கள். திரிந்துகொண்டிருக்கும் மனநோயாளிகளுக்காகவே தமிழ்நாட்டின் சில மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் உள்ளன. எங்கே இடம் இருக்கிறது என்பதை மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

வேறு சிலர் இத்தகையவர்களை வழிபாட்டுத் தலங்களைச் சுற்றியுள்ள விடுதிகளில் விட்டுவிடச் சொல்வார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் அப்படி ஒரு விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று இன்று சட்டம் திட்டவட்டமாகச் சொல்கிறது.

கொடைக்கானலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: கொலை செய்துவிட்டு, மனநிலை சரியில்லை என்று சான்றிதழ் வாங்கித் தப்பித்துக்கொள்வது பெருகிவிட்டதாகப் படுகிறது. நீங்கள் சொல்லும் பாதுகாப்புகள் எல்லாம் அப்படிப்பட்டவர்களுக்குத்தானே பயன்படுகின்றன?

பதில்: ஐயா, உங்கள் ஐயம் பலருக்கும் இருக்கிறது, ஆனால் சட்டம் அவ்வளவு தளர்வாக இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆவது பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவைத் தொடர்வது. மனநோய் இருக்கிறது என்பது மட்டும் இதற்குப் போதாது. அந்தச் செயலைச் செய்த நேரத்தில், தாம் செய்வது என்னவென்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்றோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்திருக்க வேண்டும். அதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பும் அவருடையதே. தாயாபாய் தக்கர் என்பவர் மனைவியைக் கொன்ற வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பொறுப்பின் அளவை வரையறுத்தது: உரிமையியல் வழக்கில் ஒரு தரப்பு மெய்ப்பிக்கும் அளவுக்கு அவர் மெய்ப்பித்தால் போதும், சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அப்போதும் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும். இந்த விதியை வகுத்த அதே தீர்ப்பில், அவருடைய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சம்பவத்துக்குப் பிறகு வாங்கிய ஒரு சான்றிதழால் ஆகிற காரியம் இல்லை இது. எதிர்த்தரப்பு சான்றை மறுத்தால், நீதிமன்றம் அதை மனநல மறுஆய்வு வாரியத்தின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

வாதம் ஏற்கப்பட்டு விடுதலையானாலும் அவர் நேரே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. அந்தச் செயலைச் செய்தவர் அவர்தானா என்பதைத் தீர்ப்பில் நீதிமன்றம் தனியாகச் சொல்ல வேண்டும். செய்தவர் என்றால், பாதுகாப்பான காவலில் வைக்கவோ, பிணை எழுதித்தரும் உறவினரிடம் ஒப்படைக்கவோ உத்தரவிட வேண்டும்.

உண்மையில் என்னை உறுத்துவது இதன் மறுபக்கம். அசாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் 1951இல் கைதானார். அவரைத் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர் தேறிவிட்டார் என்று 1967இல் மருத்துவமனை சான்றளித்தது. பின்னர் குவாஹாட்டி சிறைக்கு மாற்றப்பட்டார். விசாரணை நடக்கவே இல்லை. 2005இல் ஒரு ரூபாய்ப் பிணையில் வெளியே வந்தபோது 54 ஆண்டுகள் போயிருந்தன. தண்டிக்கப்பட்டிருந்தால்கூட அவ்வளவு காலம் அவர் உள்ளே இருந்திருக்க மாட்டார். நோயாளி என்று ஒருவரைப் பிரித்து வைத்துவிட்டு, கோப்பை மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. நடித்துத் தப்பிக்கிறவர்கள் சிலர் இருக்கலாம். மருத்துவமனை வார்டில் நாள்கணக்கில் கண்காணிக்கப்படும்போது அந்த நடிப்பு நிலைக்காது. மறக்கப்பட்டவர்கள் யாருடைய கண்காணிப்பிலும் இருப்பதில்லை.

மரண தண்டனை பற்றியும் உங்கள் கடிதத்தின் இறுதியில் கேட்டிருந்தீர்கள். தண்டனைக்குப் பிறகு ஒருவருக்குக் கடுமையான மனநோய் வந்தால் அதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாகக் கொள்ள வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க, அவர் பெயரைக்கூடத் தீர்ப்பில் எழுதவில்லை. குற்றம் மிகக் கொடியது. ஆயினும், எதற்காகத் தன்னைத் தூக்கிலிடுகிறார்கள் என்பதே புரியாத ஒருவரைத் தூக்கிலிடுவதால் நீதிக்கு என்ன கிடைக்கும் என்பதே என் நிலைப்பாடும்.

குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எங்கள் பக்கத்து வீட்டு அக்கா உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, வீட்டில் யாரும் அவரைத் தொடர்ந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவில்லை.

பதில்: கேஸ் ஆகாது, அம்மா, இன்றே கூட்டிப்போகச் சொல்லுங்கள். அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாகவும் அது ஆக்கியிருக்கிறது. இத்தகைய முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. பொது ஊழியரின் கடமையைத் தடுப்பதற்காக அப்படி முயல்வது மட்டுமே 226ஆவது பிரிவில் குற்றமாக எஞ்சியுள்ளது. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், காவலர் வந்து வாக்குமூலம் வாங்கலாம். அவரை யாராவது தூண்டினார்களா, துன்புறுத்தினார்களா என்று அறிவதே அதன் நோக்கம். அவரைத் தனியே விடாமல் யாராவது உடனிருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

குந்தா பகுதியிலிருந்து ஒரு வாசகி: என் வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். ஒரு அடிதடி வழக்கில் கைதாகி ஜெயிலுக்குப் போனார். போன இரண்டாம் நாள் வரை நன்றாக இருந்தார். மூன்றாம் நாள் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்றியிருக்கிறார். நடிக்கிறான் என்று அடித்ததாக உடனிருந்தவர் சொன்னார். இப்போது ஜாமீனில் வந்துவிட்டார். அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?

பதில்: பைத்தியமும் இல்லை, நடிப்பும் இல்லை, அம்மா. அவரை அடித்திருந்தால் அது நோயாளியை அடித்தது; அதைச் சட்டப் பணிகள் ஆணையத்தில் எழுத்தில் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் மனக்குழப்பம், இல்லாதது தெரிவது, கடுமையான வியர்வை, காய்ச்சல் ஆகியவை வரலாம். சிகிச்சையில்லாமல் விட்டால் இந்த நிலையில் உயிரே போகக்கூடும். உரிய மருந்தும், பி1 வைட்டமின் ஊசியும், கண்காணிப்பும் கிடைத்தால் பெரும்பாலோர் சில நாள்களில் தேறிவிடுவார்கள்.

இதன் கால ஓட்டத்தைக் கவனியுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதும், சிறை வாசலில் முதல் மருத்துவப் பரிசோதனையின்போதும் அவர் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கக்கூடும். பெரிய ஆபத்து வருவது பெரும்பாலும் அதன் பிறகு, வீட்டார் யாரும் அருகில் இல்லாத மூன்றாம் நாள் வாக்கில். எனவே தினமும் குடிப்பவர் கைதானால், எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்றையும் கைதான அன்றே காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பெங்களூரு மத்தியச் சிறையில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 5,024 கைதிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், 79.6 சதவீதத்தினருக்கு மனநோயோ போதைப் பழக்கமோ இருந்தது. போதைப் பழக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 27.6 சதவீதம். குடியும் போதையும் சிறை மருத்துவத்தின் எவ்வளவு பெரிய பகுதி என்பது இந்த இரண்டு எண்களின் இடைவெளியிலேயே தெரிகிறது. அதற்கேற்ற பயிற்சி, வாசலில் நிற்கும் வார்டருக்கும் தரப்பட வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் இப்போது சில நாள்களாகக் குடிக்காமல் இருக்கிறார். மீண்டும் தொடங்குவதற்கு முன் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரைக் கூட்டிப்போங்கள். சிறையில் நடந்ததை நாள்வாரியாக எழுதிக் கையில் கொண்டுபோங்கள். ஒருமுறை இந்தக் குழப்பம் வந்தவருக்கு, மறுபடி குடித்து மறுபடி நிறுத்தினால் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அடுத்த வாய்தாவில் சிகிச்சைச் சீட்டின் நகலை வழக்கறிஞரிடம் கொடுங்கள். குடித்திருந்தார் என்பது வழக்கில் தற்காப்பு ஆகாது. ஆனால் சிகிச்சை பெற்றுவருகிறார் என்பதை ஜாமீன் நிபந்தனைகளைத் தளர்த்தும்போதும், தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போதும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள முடியும்.